காலியாக விட்ட கட்டம்

ஜனவரி 19

விடிந்ததிலிருந்து கிழக்குக் காற்று. கொடியில் போட்ட புடவை பக்கத்துத் தென்னந்தோப்பில். வேலந்தாவளம் தாண்டிக் கோவை போகும்வரை எதிர்க்காற்று. ஸ்கூட்டர் முக்கி முனகித்தான் வந்தது. ஆபீஸ் சேரும்போது வாயெல்லாம் மண்.

கூட்டம். பிரசாத் சார் (எங்கள் மண்டல மேலாளர், இனி பி.சார். முழுப் பெயரையும் எழுதும் அளவுக்கு இன்று அவர் மேல் மரியாதை இல்லை) பலகையில் நான்கு வழிகள் எழுதினார். மாவை அழுத்திச் செய்த கம்பெனியின் குச்சி மாட்டுத் தீவனத்தைக் கிழக்குப் பாலக்காட்டுக்குள் எப்படி நுழைப்பது என்று.

1. ஆறு மாதம் அடக்க விலைக்கும் கீழே விற்பது. அங்கே இருக்கிற சின்ன மில்கள் தாங்க முடியாமல் மூடும்வரை.
2. பால் சொசைட்டிகள் வழியாக. (அவர்களுக்குச் சொந்தத் தீவனம் உண்டு. கதவைத் தட்டலாம், திறக்க மாட்டார்கள்.)
3. ஊருக்கு ஒரு டீலர்.
4. அங்கேயே ஓடும் மில் ஒன்றைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது.

எந்த வழி என்று முடிவு செய்ய ஊர் ஊராகப் போய் விசாரித்து ஒருவர் ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரம் அவகாசம். நன்றாக வந்தால் ஏரியா மேனேஜர் வேலை எனக்கு. எட்டு வருடமாக ஆர்டர் போன் எடுத்து எடுத்துக் காது தேய்ந்தவளுக்கு.

பலகையின் ஓரத்தில் சின்ன மில்களின் பட்டியல். மூன்றாவது பெயர் தங்கவேல் அண்ணனுடையது. என் கூடப் பிறந்த அண்ணன். நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. டீ மேல் பழி போடுகிறேன். சொல்லியிருந்தால் இந்த வேலை வேறொருவருக்குப் போயிருக்கும், அதுதான் உண்மை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்யணும். ஸ்கூட்டர் பின் டயர் பார்க்கணும்.

ஜனவரி 21

காற்று நிற்கவில்லை. இன்று பதினொரு வீடுகள். கேள்வித்தாள் வேறு மாநிலத்தில் அச்சடித்தது, தமிழில் மாற்றியவர் மாட்டைப் படத்தில் பார்த்தவராக இருக்கும். "தங்கள் கால்நடையின் விருப்பம் யாது" என்று ஒரு கேள்வி. படிக்கவே கூசியது.

ஏழாவது வீடு ருக்குமணி அக்கா. நான்கு கறவை, ஒரு கிடாரி. சாம்பிள் மூட்டையைப் பிரித்து இரண்டு கை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டார். நான் கேள்விகளைக் கேட்டு முடித்தேன், மோர் குடித்தேன், அவர் மகளின் கல்யாணப் படங்கள் முழுவதும் பார்த்தேன். அரை மணி நேரம் ஓடியிருக்கும். கையை விட்டுத் துழாவினார். குச்சி குச்சியாகவே வந்தது. மாட்டுக்கு வைத்தார். அது மேல் தண்ணீரை உறிஞ்சிவிட்டு மூக்கால் வாளியைத் தள்ளியது. அடியில் தீவனம் அப்படியே.

"ஏனுங்க, இது எப்பங்க கரையும்?"

மற்ற ஊர்களில் இதைத் தண்ணீரில் போடாமல் அப்படியே வைப்பார்கள், மாடு மென்று தின்னும் என்றேன்.

"மெல்லறதுக்குத்தான் வைக்கோல் இருக்குதுங்களே. இது குடிக்கறதுக்குங்க."

அவ்வளவுதான். கம்பெனி கோடிக்கணக்கில் மெஷின் போட்டுக் குச்சி உடையாமல், உதிராமல், கல் மாதிரி வருவதற்குப் பாடுபட்டிருக்கிறது. விளம்பரமே அதுதான். இங்கே அதுவே குற்றம். தவிடும் புண்ணாக்கும் சோளமாவும் வாளியில் கரைத்துக் கூழாக்கி மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற ஊர். கரையாததை எவரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள்.

எனக்கு இது புதிதா? சின்ன வயதில் எங்கள் வீட்டில் என் வேலையே அதுதான். பள்ளிக்கூடம் போகுமுன் முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கட்டி இல்லாமல் கரைப்பது. அப்படியும் குச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பதினொரு வீடு ஏறியிருக்கிறேன்.

கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை. கடைசியில் "பிற குறிப்புகள்" என்று ஒரு கட்டம் மட்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஜனவரி 23

சந்தை நாள். வேலந்தாவளத்தில் மாட்டு வண்டியும் டெம்போவும் ஆளுமாக ஸ்கூட்டர் நுழைய இடமில்லை. கீழே கால் வைத்து உருட்டியே அண்ணன் மில்லுக்குப் போனேன்.

மில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, அரவை மெஷின் ஒன்று, கலக்கும் டிரம் ஒன்று, ஐந்து ஆட்கள். தூள் தீவனம் மட்டும். வாசலில் எப்போதும் ஒரு நீல வாளி, தண்ணீரோடு. வாங்க வருகிறவர்கள் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவார்கள், கலக்குவார்கள், அடியைத் தடவிப் பார்ப்பார்கள். மண் இருந்தால் விரலில் தெரியும், உமி இருந்தால் மேலே மிதக்கும். பிறகுதான் விலையே பேசுவார்கள். விளம்பரம், போர்டு, நோட்டீஸ் எல்லாம் அந்த வாளிதான். இன்றும் நான் நின்ற கால் மணி நேரத்தில் நான்கு பேர் கை விட்டார்கள்.

அண்ணன் தலையெல்லாம் தவிடு. எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க கம்பெனி இந்தப் பக்கம் வருதாமே அம்மிணி."

பேசிக்கிறாங்க என்றேன். எப்படி வருவார்கள், விலையை அடிப்பார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பொய். அண்ணன் சிரித்தார், ஆனால் கை சும்மா இல்லை, சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்து எடுத்து வைத்தது.

"விலைய அடிச்சா மூணு மாசம் தாங்குவேன். நாலாவது மாசம் முடியாது."

இதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். தங்கச்சியிடம் சொன்னார். ஆனால் கேட்டது கம்பெனி ஆள். என் பையில் அந்தக் கேள்வித்தாள் இருந்தது. "சிறு ஆலைகளின் தாக்குப்பிடிக்கும் காலம்" என்று அதில் ஒரு வரி உண்டு.

அண்ணி தக்காளி ஒரு பை கொடுத்தனுப்பினார். பாதி வழியில் நசுங்கிவிட்டது.

ஜனவரி 25

ஞாயிறு. இவர் (வீட்டுக்காரர்) வாளையார் லாரி ஆபீஸில் டியூட்டி. வீட்டில் நான் மட்டும். ரிப்போர்ட் எழுதும் நாள். துணி துவைத்தேன், அலமாரி அடுக்கினேன், மிக்ஸி கழுவினேன். மூன்று மணிக்குத்தான் உட்கார்ந்தேன்.

யோசித்தது இப்படி:

விலைச் சண்டை வேண்டாம் என்று எழுதணும். அது வந்தால் அண்ணன் நான்காம் மாதம் மூடுவார்.

கரைகிற தீவனம்தான் இங்கே ஓடும் என்று எழுதினால்? கம்பெனி தூள் தீவனம் போடும். அவர்களிடம் இல்லாத மெஷினா. அண்ணனுக்கு இருக்கிற ஒரே பிடி அது. அதையும் நானே எடுத்துக் கொடுத்ததாகும்.

எழுதாவிட்டால்? கம்பெனி குச்சியோடு வரும். ஆறு மாதம் டீலர் கடையில் மூட்டை அடுக்கி வைக்கும். மாடு மூக்கால் தள்ளும். திரும்பிப் போகும். அண்ணன் வாளி வாசலில் இருக்கும்.

நான்காவது வழி, கூட்டு? எந்த மில், ஏன் அது என்று கேட்பார்கள்; வாளியையும் சொல்லணும், அண்ணனையும் சொல்லணும்.

ஆக: மூன்றாவது வழி, டீலர். இப்போதிருக்கும் குச்சித் தீவனமே போதும். காரணங்கள் ஆறு, ஆறும் உண்மை. "பிற குறிப்புகள்" கட்டம் காலி.

பொய் ஒன்றுகூட எழுதவில்லை. இதை நான்கு முறை எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையாக இருந்தால் ஒரு முறை போதுமே.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவர் வந்தார். முகம் ஏன் இப்படி என்றார். தலைவலி என்றேன்.

ஜனவரி 27

பி.சாருக்கு ரிப்போர்ட் பிடித்துவிட்டது. எல்லோர் முன்னும், உள்ளூர்க்காரங்க எழுதினா இப்படித்தான் இருக்கும் என்றார். டீலர் வழி முடிவாகிவிட்டது. விலைச் சண்டை இல்லை. பலகையில் முதல் வழியை அவர் அழித்தபோது எனக்கு மூச்சு வந்தது. நான்காவது வழியையும் அழித்தார், உள்ளூர் மில்லால் நமக்கு என்ன உபயோகம், அவர்கள் செய்வது வெறும் தூள்தானே என்று. நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன். அது பேனாவில்தான் இருந்தது.

கேண்டீனில் ஜிலேபி. என் கணக்கில்.

டயர் மாற்றியாயிற்று.

பிப்ரவரி 2

ஐந்து நாளாக எழுதவில்லை. டீலர் விண்ணப்பங்கள். என் வேலை தட்டச்சு செய்து கோப்பில் வைப்பது. ஆள் தேர்வு பி.சாரே நேரில்; சில ஊர்களுக்கு விண்ணப்பம் இல்லாமலே பேசி முடிக்கிறார்.

மத்தியானம் அண்ணி போன். குரலில் சிரிப்பு. அண்ணன் இரண்டு முறை கோவை போய் வந்தாராம், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. உங்ககிட்ட அவரே சொல்லோணும்னு இருக்காரு, நான் சொல்ல மாட்டேன் என்று வைத்துவிட்டார்.

எதுவாக இருக்கும்? நிலம் ஏதாவது பேசுகிறாரா. கோவிலுக்கா. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் யோசித்தேன், தெரிந்திருக்க வேண்டியதைத் தவிர.

பிப்ரவரி 3

தெரிந்துவிட்டது.

காலையில் பி.சார் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. வேலந்தாவளம் மெயின் டீலர் யார் தெரியுமா என்றார். தங்கவேல். அண்ணன்னு சொல்லவே இல்லீங்களே நீங்க, அவர்தான் சொன்னார், அதனால்தான் ஒரே பேச்சில் முடிந்தது என்றார். கையெழுத்தாகிவிட்டது. மில்லைக் காலி செய்து கிடங்காக்கப் போகிறார். அரவை மெஷினையும் டிரம்மையும் மலைமேல் வண்டன்மேட்டுக்காரர் ஒருவருக்கு விலை பேசியாயிற்று, ஏலக்காய்த் தோட்டத்துக்கு உரமாக வேப்பம்புண்ணாக்கு அரைக்க.

படிக்கட்டில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"நீதான அம்மிணி டீலர் வழின்னு எழுதுன, உங்க சாரு சொன்னாரு. நேரா சொல்ல முடியாம எனக்குச் சாடை காட்டறேன்னு நெனச்சேன்."

அந்தக் குச்சி கரையாது அண்ணா என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"கரையுமான்னு நானும் கேட்டனே. அந்தச் சாருக்கு நான் கேக்கறது மொதல்ல புரியல. அப்பறம், உங்க தங்கச்சி இந்த ஊருக்கு என்ன வேணுமோ எல்லாத்தையும் எழுதியிருக்காங்க, அதும்படிதான் சரக்கு வரும்னாரு. அப்பறம் எனக்கென்ன பயம்?"

சரிங்ண்ணா என்றேன். வைத்துவிட்டேன்.

சரிங்ண்ணா என்றேன். மெஷின் எப்போது போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 4

பி.சார் திருச்சியில். போன் அணைத்து வைத்திருக்கிறார். நாளை காலைதான் வருவார்.

இன்று செய்திருக்க வேண்டியது: நேராக அண்ணனிடம் போவது. செய்யவில்லை. முதலில் பி.சாரிடம் சொல்லி, கம்பெனி கரைகிற மாதிரி சரக்கை மாற்றிவிட்டால், அண்ணனுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். மறுபடியும் அதே புத்தி. யாருக்கும் தெரியாமல் எல்லோருக்கும் நல்லது செய்துவிடுகிற புத்தி.

இவரிடம் மட்டும் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, உங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டார். நாளைக்கு என்றேன். மெஷின் பாரம் ஏத்தறதுக்கு ஆள் சொல்லியாச்சுன்னு லாரி ஆபீஸ்ல பேச்சு, என்னிக்குன்னு தெரியல என்றார். அந்த நிமிடமே கிளம்பியிருக்கலாம். பத்து நிமிட வழி.

கிளம்பவில்லை.

பிப்ரவரி 5

ஸ்கூட்டரில் முன்னால் ஒரு வாளி, உள்ளே குச்சித் தீவனம் ஒரு பொட்டலம். செக்யூரிட்டி தடுத்தார். சாம்பிள் என்றேன். ஆபீஸ் குழாயில் தண்ணீர் பிடித்து, தீவனத்தைப் போட்டு, பி.சார் வருமுன் அவர் மேசை மேல் வைத்துவிட்டேன். கண்ணாடி மேல் தண்ணீர் சிந்தியது, துப்பட்டாவால் துடைத்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தபோது தீவனம் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இது என்ன என்றார். கையை விடச் சொன்னேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை விட்டார். ஒரு பிடி குச்சியை அள்ளிப் பார்த்தார். முழுதாக இருந்தது. முதலில் பெருமையாகத்தான் பார்த்தார், பாவம்.

சொன்னேன். வாளி, மாடு, ருக்குமணி அக்கா, வைக்கோல், அண்ணன் வாசலில் இருக்கிற நீல வாளி. நான் காலியாக விட்ட கட்டம்.

"இது எப்ப இருந்துங்க தெரியும் உங்களுக்கு?"

"அஞ்சு வயசிலிருந்துங்க சார்."

பி.சார் குச்சியை வாளியிலேயே திரும்பப் போட்டார். கை இன்னும் ஈரமாகவே இருந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தார். நான்காவது வழியை அழித்த இடம் வெள்ளையாக இருந்தது.

எங்களுக்குத் தூள் தீவனம் செய்யத் தெரியாதுங்க, அது வேற பக்குவம் என்றார். இதை முன்னாடியே எழுதியிருந்தால் நான் முதலில் தேடியிருப்பது அங்கே நன்றாக ஓடுகிற ஒரு மில்லைத்தான், பேரும் போர்டும் அவங்களோடது, பணமும் வண்டியும் நம்மோடது என்றார். பிறகு திரும்பி:

"உங்க அண்ணன் மில்லு இன்னும் ஓடுதுங்களா?"

வெளியே ஓடி வந்து போன் செய்தேன். அண்ணன் எடுக்கவில்லை. மறுபடியும். ஐந்தாவது முறை அண்ணி எடுத்தார்.

"இப்பத்தான் லாரி போச்சுங்க கண்ணு. அவரு பின்னாலயே போயிப் பொள்ளாச்சி ரோடு வரைக்கும் வழி காட்டிட்டு வரேன்னு போயிருக்காரு."

இவருக்குப் போன் அடித்தேன். லாரி வாளையார் வழியாக வராது, அது நேராகப் பொள்ளாச்சி, உடுமலை, கம்பம், மேலே ஏறிவிடும், நிறுத்த என்னால் ஆகாது என்றார். அண்ணன் திரும்பி வந்து பேசியபோது மணி ஒன்று. லாரியைத் திரும்பக் கூப்பிடுங்கள், மெஷினை வாங்கினவரிடம் பேசிப் பார்க்கலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன், முழுவதும், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு.

காற்று இரைகிற சத்தம் மட்டும் போனில். அப்புறம் அண்ணன், பணம் கைநீட்டி வாங்கியாச்சு, குடுத்த வாக்கு குடுத்ததுதான் என்றார். வைத்துவிட்டார்.

பி.சார் மாலையில்: தூள் தீவனப் பக்குவம் தெரிந்த ஆளைப் பிடித்துக் கோவையிலேயே போடப் பார்க்கிறோம், இரண்டு மாதம் ஆகும், அதுவரை குச்சிதான். அண்ணன் டீலராகவே இருக்கலாம். என்னைப் பற்றி? திங்கட்கிழமை வாங்க என்றார்.

பிப்ரவரி 6

லீவு. காற்று குறைந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு மில்.

உள்ளே போனால் காலடிச் சத்தம் எதிரொலிக்கிறது. இத்தனை வருடம் அந்த இடத்தில் கத்தித்தான் பேசியிருக்கிறோம். மெஷின் இருந்த சிமெண்ட் மேடையில் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டு. அண்ணன் ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஐந்து ஆட்களில் இரண்டு பேர் மூட்டை இறக்க இருக்கிறார்கள். மூன்று பேர் இல்லை.

வாசலில் நீல வாளி இருந்தது. தண்ணீர் மாற்றியிருந்தார். பழக்கம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். போல்ட் வரவில்லை. துரு. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எனக்காகத்தான எழுதாம உட்ட?"

"ஆமாங்ண்ணா."

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அம்மிணி."

வெளியே ஹாரன். கம்பெனி லாரி, முதல் லோடு. பின்பக்கமாக வாசலுக்கு ஏற்ற வழி விடச் சொன்னார் டிரைவர். அண்ணன் எழுந்து போய் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.